குளுக்கோமாவுக்கான சிறுவெட்டுச் சத்திரசிகிச்சை: அதன் இடமும் எல்லையும்

நோயின் இயல்பு

குளுக்கோமா பார்வை நரம்பைச் சிறுகச் சிறுக அழிக்கும் நோய். ஒவ்வொரு கண்ணிலிருந்தும் ஏறத்தாழ 12 இலட்சம் நரம்பிழைகள் மூளைக்குச் செல்கின்றன. அவை ஒன்றுசேர்ந்து கண்ணைவிட்டு வெளியேறும் வட்டத்திலேயே இந்நோயால் நசிந்து இறக்கின்றன. இறந்த இழை மீண்டும் முளைப்பதில்லை. இந்நோயின் பெரும்பாலான வகைகளில் வலி இல்லை, சிவப்பும் இல்லை. முதலில் குறைவது பக்கப்பார்வை. நேர்ப்பார்வை கடைசிக் கட்டம் வரை தெளிவாகவே இருக்கும். ஒரு கண் இழந்ததை மற்றக் கண் நிரப்பிவிடும். படியில் தடுக்கி விழுவதையும் பக்கத்தில் வரும் சைக்கிளைக் காணாமல் விடுவதையும் வீட்டார் வயதின் குறை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் இந்நோய் தானாக வெளிப்படும்போது பாதிக்கு மேற்பட்ட பார்வை போயிருப்பது வழக்கம்.

தமிழ்நாட்டில் மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் கிராமங்களில் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்திய ஆய்வு 2003இல் வெளியானது. 40 வயதைத் தாண்டியோரில் 2.6 சதவீதத்தினருக்குக் குளுக்கோமா இருந்தது. அவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தமக்கு அந்நோய் இருப்பதை அதுவரை அறிந்திருக்கவில்லை. இலங்கையின் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் மக்களின் நிலையை எண்ணிப் பார்ப்பதற்கு, மொழியாலும் உணவாலும் தொழிலாலும் அருகிலுள்ள இந்த அளவீடு துணைசெய்யும்.

நரம்பு அழிவதற்குப் பல காரணங்கள் உண்டு. வயதையும் குடும்ப வழியையும் மாற்ற முடியாது. மாற்றக்கூடியதென்று உறுதியாக நிறுவப்பட்டிருப்பது கண்ணுக்குள் இருக்கும் அமுக்கம் ஒன்றே. கிளினிக்குக்கு வருவோர் ‘கண் பிறஷர்’ என்று சொல்வது இதைத்தான். பெரும்பாலானோரில் இது 10 முதல் 21 மில்லிமீற்றர் இரச அளவுக்குள் இருக்கும். சுவீடனில் நடந்த நீண்டகால ஆய்வொன்று, அமுக்கம் 1 மில்லிமீற்றர் குறையும்போது நோய் முற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 10 சதவீதம் குறைவதைக் காட்டியது. சொட்டு மருந்து, லேசர், சத்திரசிகிச்சை ஆகிய மூன்றும் இந்த ஓர் எண்ணைக் குறைப்பதற்கான வழிகளே. போன பார்வையை இவற்றில் எதுவும் மீட்டுத் தராது. இருப்பதைக் காப்பதே இவற்றின் பயன்.

கண்ணுக்குள் ஓடும் நீர்

கதிராளிக்குப் பின்னால் உள்ள பிசிருடல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 முதல் 2.5 மைக்ரோலீற்றர் வரை தெளிந்த நீரைச் சுரக்கிறது. கண்ணீரோடு இதற்குத் தொடர்பில்லை. இது கண்ணுக்குள்ளேயே ஓடும் நீர். வில்லைக்கும் கருவிழிப்படலத்துக்கும் தனிக் குருதிக் குழாய்கள் இல்லாததால், அவற்றுக்கு உணவு கொடுப்பதும் கழிவை எடுப்பதும் இந்த நீர்தான். கருமணித் துவாரத்தின் வழியே முன்னறைக்கு வரும் நீர், கதிராளியும் கருவிழிப்படலமும் சந்திக்கும் கோணத்தை அடைகிறது. அங்கே ஒரு சல்லடைத் திசு உண்டு. அதற்கு அப்பால் கண்ணைச் சுற்றி வட்டமாக ஓடும் ஷ்லெம் கால்வாய் இருக்கிறது. கால்வாயிலிருந்து நுண்குழாய்கள் நீரை வெண்விழியின் மேலுள்ள நாளங்களில் சேர்த்துவிடுகின்றன. ஒரு சிறு பங்கு நீர் மட்டும் பிசிருடலின் தசைநார்களுக்கு இடையே கசிந்து வேறு வழியாக வெளியேறுகிறது.

திறந்த கோண வகையில் கோணம் விரிந்தே இருக்கும். சல்லடையில் தடை கூடியிருக்கும். மூடிய கோண வகையில் கதிராளியே முன்தள்ளிச் சல்லடையை மறைத்துவிடும். இரண்டாவது வகை ஆசிய மக்களிடையே ஐரோப்பியரைவிட அதிகம். அது திடீரென மூண்டால் கடும் வலி, வாந்தி, ஒளியைச் சுற்றி வண்ண வளையம் என வெளிப்படும். ஆனால் மூடிய கோணத்திலும் பெரும்பாலானவை ஓசையின்றியே வளர்கின்றன. எந்த வகை என்பதை அறியாமல் எந்தச் சத்திரசிகிச்சையையும் தெரிவுசெய்ய முடியாது. அதை அறிய, கண்ணின் மேல் ஒரு சிறு ஆடியை வைத்துக் கோணத்தை நேரே பார்க்கவேண்டும்.

இந்த நீரோட்டத்தின் பொறிமுறையை வாவியைக்கொண்டு விளக்கலாம். மாரியில் ஆறுகள் கொண்டுவரும் வெள்ளம், பாலமீன்மடு முகத்துவாரத்தில் மணல் அடைத்து நிற்கும்போது வெளியேற வழியின்றி வயலுக்கும் வளவுக்கும் ஏறுகிறது. ஆற்றுவாயை வெட்டிவிட்டால் வடிகிறது. ஆனால் எவ்வளவு அகலமாக வெட்டினாலும் வாவியின் மட்டம் கடலின் மட்டத்துக்குக் கீழே இறங்காது. கண்ணில் அந்தக் கடல்மட்டம், வெண்விழி மேலுள்ள நாளங்களின் அமுக்கம். அது ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிமீற்றர் வரை. சல்லடையை வெட்டியோ அதில் குழாய் வைத்தோ செய்யப்படும் எந்தச் சிகிச்சையும் அந்த அளவுக்குக் கீழே கண்ணமுக்கத்தைக் கொண்டுபோக முடியாது. நடைமுறையில் அது பெரும்பாலும் 15ஐ ஒட்டியே நின்றுவிடும். இயற்கை வழியைத் திறப்பதன் பாதுகாப்பும் குறைபாடும் ஒருங்கே இதில் அடங்கியுள்ளன.

பெர்லினிலிருந்து எழும்பூர் வரை

குளுக்கோமாவுக்குச் சத்திரசிகிச்சை செய்யலாம் என்பதை முதலில் நிறுவியவர் பெர்லினைச் சேர்ந்த ஆல்பிரெக்ட் வொன் கிரேஃபே. கதிராளியில் ஒரு துண்டை வெட்டி எடுக்கும் முறையை அவர் 1857இல் அறிவித்தார். மூடிய கோணம் கொண்டோருக்கு அது பலித்தது. திறந்த கோணத்துக்கு உதவவில்லை.

அடுத்த பெரும் முன்னேற்றங்களுள் ஒன்று தமிழ் மண்ணில் நிகழ்ந்தது. சென்னை எழும்பூரிலுள்ள அரசினர் கண் வைத்தியசாலை, 1819இல் தொடங்கிய நிறுவனத்தின் தொடர்ச்சி. ஆசியாவின் மிகப் பழைய கண் வைத்தியசாலை அது. அங்கே தலைமை வகித்த றொபேர்ட் ஹென்றி எலியட், 1909இல் வெண்விழியும் கருவிழியும் சேரும் விளிம்பில் வட்டக் கத்தியால் ஒரு சிறு துளையிட்டு, உள்நீரை வெளிச்சவ்வின் கீழே வடியவிடும் முறையைக் கையாளத் தொடங்கினார். 1913இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். சென்னையின் ஏழை நோயாளரிடம் செம்மையாக்கப்பட்ட இம்முறை பல பத்தாண்டுகள் உலகெங்கும் கையாளப்பட்டது. அதன் குறை துளைக்கு மூடியில்லாமை. நீர் கட்டின்றி வடிந்து கண் தளர்ந்துபோவதும், துளைக்கு மேல் எழும் நீர்க்குமிழ் மெலிந்து பல ஆண்டுகளுக்குப் பின் கிருமி புகுவதும் நேர்ந்தன.

கேம்பிரிஜில் பணியாற்றிய ஜோன் கெயார்ன்ஸ் 1968இல் அந்தத் துளைக்கு மூடியொன்றை அமைத்தார். வெண்விழிச் சுவரின் பாதித் தடிப்பில் ஒரு மடல் எழுப்பி, அதன் கீழே துளையிட்டு, மடலைத் தைத்துவிடுவது அவரது முறை. தையலின் இறுக்கம் நீரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும். டிரபெக்குலெக்டமி எனப்படும் இதுவே இன்றுவரை குளுக்கோமாச் சத்திரசிகிச்சையின் அளவுகோல். தழும்பு வளர்ந்து வழி அடைபடாமலிருக்க மைற்றோமைசின் என்ற மருந்து பின்னர் சேர்க்கப்பட்டது. நோய் முற்றிய 453 பேரைக் கொண்டு பிரித்தானியாவில் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. 2 ஆண்டுகளின் முடிவில் டிரபெக்குலெக்டமி செய்தோரின் சராசரி அமுக்கம் 12.4ஆகவும், மருந்து மட்டும் பெற்றோருடையது 15.1ஆகவும் இருந்தன. முற்றிய நோயில் இந்த இடைவெளி பெரியது.

ஆனால் இது கண்ணின் வெளிச்சவ்வைத் திறந்து செய்யும் பெருவெட்டு. முதல் வாரங்களில் நோயாளர் அடிக்கடி வரவேண்டும். தையலைத் தளர்த்துவதா, குமிழை ஊசியால் திறப்பதா என்பது அந்நாட்களில்தான் தீர்மானிக்கப்படும். அமுக்கம் மிகத் தாழ்ந்துபோவதும், கண்புரை விரைவதும், ஆயுள் முழுவதும் தொடரும் கிருமித்தொற்று ஆபத்தும் உண்டு. வாவியில் இறங்கி வலைவீசுவோருக்கும் சேற்று வயலில் நிற்போருக்கும் அந்தக் கடைசி ஆபத்து சாதாரணமானதல்ல. இக்காரணங்களால் டிரபெக்குலெக்டமி நோய் நன்கு முற்றும்வரை தள்ளிப்போடப்பட்டு வந்தது. சொட்டு மருந்துக்கும் பெருவெட்டுக்கும் இடையே நீண்டகாலம் ஒரு வெற்றிடம் இருந்தது.

சிறுவெட்டு முறைகள்

அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்தவை சிறுவெட்டு முறைகள். இவற்றை ஒரே குடும்பமாக வகுத்து, ஆங்கிலத்தில் ‘மிக்ஸ்’ என்று சுருக்கி வழங்கும் பெயரைக் கொடுத்தவர் கனடாவைச் சேர்ந்த கண் வைத்திய நிபுணர் இக்பால் அஹமட். கருவிழிப்படலத்தின் ஓரத்தில் 2 மில்லிமீற்றர் அளவிலான வெட்டு, உள்ளிருந்தே செய்யும் வேலை, திசுக்களுக்குக் குறைந்த சேதம், அளவான பலன், உயர்ந்த பாதுகாப்பு, விரைவான தேறுதல் ஆகியவை இக்குடும்பத்தின் அடையாளங்கள். பெரும்பாலான முறைகளில் வெளிச்சவ்வு தொடப்படாமல் எஞ்சுவதால், பிற்காலத்தில் டிரபெக்குலெக்டமி தேவைப்பட்டாலும் அதற்குரிய இடம் கெடுவதில்லை.

கருத்து புதிதல்ல. கோணத்தை உள்ளிருந்து கீறும் முறையை இத்தாலியின் டி வின்சென்டீஸ் 1893இலேயே முயன்றார். 1930களில் சான் பிரான்சிஸ்கோவின் ஒட்டோ பார்க்கன், கோணத்தை ஆடியின் வழியே நேரே பார்த்துக்கொண்டு கீறி, பிறவிக் குளுக்கோமா கொண்ட குழந்தைகளின் பார்வையைக் காக்க வழி செய்தார். சொந்தத்துக்குள் மணமுடிக்கும் வழக்கமுள்ள சமூகங்களில் பிறவிக் குளுக்கோமா அதிகமாகக் காணப்படுவதால், அந்தப் பழைய முறை இங்கு இன்றும் பொருள் இழக்கவில்லை. கண் பெரிதாகத் தோன்றி, கருவிழி மங்கி, வெளிச்சத்தில் கண்ணீர் வடிக்கும் குழந்தையை உடனே கண் வைத்திய நிபுணரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

இன்றைய முறைகள் நீருக்குத் தரும் வழியைக்கொண்டு மூன்றாகப் பிரியும். முதலாவது வழி ஷ்லெம் கால்வாய். நோயாளரின் தலையைச் சற்றுத் திருப்பி, நுண்ணோக்கியைச் சாய்த்து, ஆடியின் வழியே கோணத்தைப் பார்த்தபடி சல்லடையில் ஒரு குழாயைப் பொருத்துவர் அல்லது சல்லடையையே கீறி அகற்றுவர். 1 மில்லிமீற்றர் நீளமான டைட்டேனியக் குழாய் ஐஸ்டென்ட். அது 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 8 மில்லிமீற்றர் நீளமுள்ள வளைந்த ஹைட்ரஸ், கால்வாயின் ஏறத்தாழ கால் வட்டத்தை விரித்துப் பிடிக்கும். அது 2018இல் அனுமதி பெற்றது. இவை பெரும்பாலும் கண்புரைச் சத்திரசிகிச்சையின்போது, அதே வெட்டின் வழியே, சில நிமிட மேலதிக வேலையாகச் செய்யப்படுகின்றன.

இரண்டாவது வழி வெண்விழிச் சுவருக்கும் அதற்கு உட்புறப் படலத்துக்கும் இடையிலான வெளி. சைபாஸ் என்ற குழாய் இதற்கென 2016இல் அனுமதி பெற்றது. 5 ஆண்டுக் கண்காணிப்பில், கருவிழியின் உட்புறக் கலங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் குறைந்தது தெரியவந்ததும், 2018 ஓகஸ்டில் தயாரிப்பாளரே அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார். 2 ஆண்டுகளில் நல்லதாகத் தோன்றிய ஒன்று 5 ஆண்டுகளில் வேறுவிதமாக வெளிப்பட்டது. கண்ணில் ஆயுள் முழுவதும் இருக்கப்போகும் பொருளை நீண்டகாலச் சான்றைக்கொண்டே மதிப்பிட வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான பாடம் இத்துறையில் இல்லை.

மூன்றாவது வழி, எலியட்டும் கெயார்ன்ஸும் தேர்ந்த அதே வெளிச்சவ்வின் கீழ்ப்புறம். செயின் என்ற 6 மில்லிமீற்றர் ஜெல் குழாயின் உட்துளை 45 மைக்ரோமீற்றர். நீரின் வேகத்தைத் துளையின் நுண்மையே கட்டுப்படுத்துகிறது. பிரிசர்ஃப்ளோ என்ற குழாயின் உட்துளை 70 மைக்ரோமீற்றர். இவை மற்றவற்றைவிட அமுக்கத்தை அதிகம் குறைக்கும். ஆனால் குமிழும் மைற்றோமைசினும் தொற்று ஆபத்தும் மீண்டும் வந்துவிடும். செயின் குழாய் பன்றியிலிருந்து பெறப்படும் ஜெலற்றினால் ஆனது. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, கல்முனை போன்ற ஊர்களின் முஸ்லிம் நோயாளருக்கு இதைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே தெளிவாகச் சொல்லவேண்டும். அப்பொருள் கலவாத மாற்று முறைகள் இருப்பதையும் சொல்லவேண்டும். இதைக் கேட்டறிந்து முடிவெடுப்பது நோயாளரின் உரிமை.

சான்றுகள் சொல்வது

ஹைட்ரஸ் பற்றிய ஆய்வில் 556 பேரின் கண்கள் பின்தொடரப்பட்டன. ஒரு பிரிவினருக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சையோடு ஹைட்ரஸும், மற்றப் பிரிவினருக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சை மட்டுமே செய்யப்பட்டன. 5 ஆண்டுகளின் முடிவில் முதற்பிரிவில் 66 சதவீதத்தினரும் இரண்டாவதில் 46 சதவீதத்தினரும் சொட்டு மருந்தின்றி இருந்தனர். பின்னர் பெருவெட்டு தேவைப்பட்டோரும் முதற்பிரிவில் குறைவு. கண்புரையை எடுப்பதே ஓரளவு அமுக்கத்தைக் குறைக்கிறது என்பதும் இவ்வெண்களில் தெரிகிறது. பிரிசர்ஃப்ளோவை டிரபெக்குலெக்டமியோடு நேரே ஒப்பிட்டபோது, ஓராண்டின் பின் வெற்றி விகிதம் முறையே 53.9, 72.7 சதவீதமாக இருந்தது.

ஆகவே முடிவு தெளிவானது. தொடக்க நிலையிலும் நடுநிலையிலும் உள்ளோருக்குச் சிறுவெட்டு முறைகள் உகந்தவை. நோய் முற்றி, அமுக்கத்தை 12க்குக் கீழே கொண்டுவரவேண்டியவருக்கு அவற்றை மட்டும் நம்புவது ஆபத்து. அவருக்கு டிரபெக்குலெக்டமியோ, பெருவெட்டாகப் பொருத்தப்படும் வடிகுழாய்க் கருவியோதான் தேவை. வெட்டு சிறியது என்பதற்காகப் பலன் குறைந்ததைத் தெரிவுசெய்து, இருக்கும் சிறிதளவு பார்வையையும் இழக்கவிடுவது சிகிச்சையாகாது.

வெட்டே தேவைப்படாத இரு லேசர் வழிகளையும் முதலில் எண்ணவேண்டும். சல்லடைக்கு லேசர் பாய்ச்சும் முறையை முதற்சிகிச்சையாகக் கொடுத்த ஆய்வு 2019இல் இங்கிலாந்திலிருந்து வெளியானது. லேசர் பெற்றோரில் 74 சதவீதத்தினர் 3 ஆண்டுகளின் பின்னும் சொட்டு மருந்தின்றி இலக்கு அமுக்கத்தில் இருந்தனர். இது திறந்த கோணத்துக்கு. மூடிய கோணத்துக்குக் கதிராளியில் லேசரால் துளையிடுவது நீண்டகால வழக்கம். ஆனால் 419 பேரைக்கொண்டு நடந்து 2016இல் வெளியான ஆய்வு, 50 வயதைத் தாண்டிய இத்தகைய நோயாளருக்கு வில்லையை அகற்றிச் செயற்கை வில்லை வைப்பது அதைவிட நல்ல பலன் தருவதைக் காட்டியது. தடித்த வில்லை நீங்கியதும் கதிராளி பின்வாங்கிக் கோணம் விரிகிறது.

விலை

புதிய குழாய்கள் விலை மிக்கவை. இலவச வைத்திய சேவையைக் கட்டிக்காக்க முயலும் நாட்டில், ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு வெளிநாட்டுக் கருவி என்பது நிலைக்கும் திட்டமல்ல. இதே பலனைக் கருவியின்றிப் பெறும் வழிகள் உள்ளன. டெக்சாஸைச் சேர்ந்த குரோவரும் உடன்பணியாற்றியோரும் 2014இல் விவரித்த காட் முறையில், ஷ்லெம் கால்வாய் முழுவட்டமும் உள்ளிருந்து திறக்கப்படுகிறது. இதற்குச் சூட்டால் முனை மழுக்கிய சாதாரணத் தையல் நூல் ஒன்றே போதும். இந்தியக் கண் வைத்தியர்கள் இதைப் பரவலாகக் கையாளுகிறார்கள். ஊசியின் நுனியை வளைத்துச் சல்லடையைக் கீறுவோரும் உள்ளனர். இம்முறைகளில் முதல் நாட்களில் முன்னறையில் குருதி தேங்குவது சகஜம். பெரும்பாலும் சில நாட்களில் தெளியும். குருதி உறையாமலிருக்க மருந்து எடுப்போரிடம் கூடுதல் கவனம் தேவை. ஸ்டீரொயிட் சொட்டு மருந்தை வைத்திய ஆலோசனையின்றி நீண்டகாலம் விட்டு அமுக்கம் ஏறிய இளைஞர்களுக்கு காட் முறை நன்கு பலிக்கிறது.

முற்றிய நோய்க்கும் விலை ஒரு தடையாக இருக்கக்கூடாது என்பதை மதுரை காட்டியிருக்கிறது. கோவிந்தப்ப வெங்கடசாமி 1976இல் 11 கட்டில்களோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் உற்பத்திப் பிரிவான அரோலாப், வெளிநாட்டு வடிகுழாய்க் கருவியின் அமைப்பைப் பின்பற்றி 2013இல் தன் சொந்தக் கருவியை மிகக் குறைந்த விலையில் வெளியிட்டது. அது சிறுவெட்டு முறையல்ல. ஆனாலும் நோயின் எல்லாப் படிநிலைகளுக்கும் கட்டுப்படியாகும் வழி வேண்டும் என்ற கோட்பாட்டின் நிறைவேற்றம் அது.

வாவியின் இரு கரைகளில்

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் வாவி இப்பிரதேசத்தை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாகப் பிரிக்கிறது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை உட்பட முக்கிய வைத்தியசாலைகள் பல எழுவான்கரையில் உள்ளன. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது பெரும் ஆறுதல். எனினும் உட்புறக் கிராமங்களிலிருந்து வருவோருக்கு ஒரு கிளினிக் நாள் என்பது ஒரு நாள் கூலியும் துணைக்கு வருபவரின் கூலியும் ஆகும். ஒவ்வொரு நாளும் தவறாது விடவேண்டிய சொட்டு மருந்தும், முதல் மாதத்தில் பல வருகைகளைக் கேட்கும் டிரபெக்குலெக்டமியும் அவர்களுக்கே அதிகச் சுமை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, அன்றாட மருந்தில் மட்டும் தங்கிநிற்கும் சிகிச்சையின் பலவீனம் எல்லோருக்கும் தெரிந்தது. மருந்தின் தேவையைக் குறைக்கும் லேசரும் சிறுவெட்டு முறைகளும் இங்கே பொருத்தமாவதற்கு இவையே காரணங்கள்.

அவற்றின் பயன் மக்களைச் சேர்வதற்குச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளியே செய்யவேண்டியவை அதிகம். சிறுவெட்டு முறை தொடக்க நிலை, நடுநிலை நோய்க்கே உரியது. ஆனால் தொடக்க நிலை நோயாளர் எந்தக் குறையையும் உணர்வதில்லை. ஆகவே அவர்களைத் தேடிக் கண்டறிய வேண்டும். அதற்கு மிக எளிய வாசல் கண்புரைக் கிளினிக். கண்புரைக்காக வரும் ஒவ்வொருவருக்கும் அமுக்கம் அளந்து, கோணத்தை ஆடியால் பார்த்து, நரம்பு வட்டத்தையும் பார்த்துவிட்டால், ஒரே வெட்டில் இரண்டு நோய்க்கும் சிகிச்சை செய்யக்கூடியவர்கள் அங்கேயே தெரிந்துவிடுவார்கள். நீரிழிவுக் கிளினிக்கில் விழித்திரைப் பரிசோதனைக்கு வருவோரையும் அவ்வாறே பார்க்கலாம். மூன்றாவது வாசல் குடும்பம். குளுக்கோமா உறுதியான ஒருவரின் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை, 40ஐத் தாண்டிய பிள்ளைகள் ஆகியோருக்கு மற்றவர்களைவிட ஆபத்து பல மடங்கு அதிகம். அவர்களை அழைத்துவருமாறு நோயாளரிடம் எழுத்திலேயே கொடுப்பது நல்லது.

ஆடியின் வழியே கோணத்தைக் காணும் பயிற்சி இவை அனைத்துக்கும் அடிப்படை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவரும், கண் பிரிவுகளில் பயிலும் இளம் வைத்தியரும் அதைக் கண்புரைச் சத்திரசிகிச்சையோடு சேர்த்தே கற்கவேண்டும். கருவிகள் பின்னர் வரலாம், மாறலாம், கைவிடப்படவும் கூடும். அந்தப் பயிற்சி எல்லா முறைக்கும் தேவைப்படும்.

சத்திரசிகிச்சை செய்துகொண்டவரின் நோய் தீர்ந்துவிடுவதில்லை. வைத்த குழாய் அடைபடலாம், கீறிய சல்லடை மீண்டும் மூடலாம், அமுக்கம் ஆண்டுகள் கழித்து ஏறலாம். சொட்டு மருந்து நின்றுபோனவரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும், அல்லது வைத்தியர் குறிக்கும் இடைவெளியில், அமுக்கத்தையும் பார்வைப் புலத்தையும் நரம்பையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கண்காணிப்பு ஆயுள் முழுவதும் தொடரவேண்டும்.